ஆங்கிலத்தில் சொன்னால்தான் கயிறு

கொட்டாங்குடிப்பட்டி தொடக்கப்பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். மூவருக்கும் சேர்த்து ஒருவருக்குத் தேவையான மூளை இருந்தது. அதையும் முறை வைத்துத்தான் பயன்படுத்தினார்கள்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'பிள்ளைகள் தமிழில் எதைக் கேட்டாலும் பதில் தராதீர்கள். ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லும்வரை காத்திருங்கள். சொன்னதும் கைதட்டுங்கள்.' மாதக் கடைசியில் ஆய்வாளர் வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

மறுநாள் மூன்றாம் வகுப்பு செண்பகவல்லி ஓடிவந்தாள். "டீச்சர், வருகைப் பதிவேட்டை ஆடு திங்குது!"

பொற்கலை டீச்சர் புன்னகையோடு காத்திருந்தார். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். மூவரும் கைதட்டினார்கள். ஆடும் தின்று முடித்திருந்தது.

"பதிவேட்டுல பேரே இல்லாத பிள்ளைங்க இன்னைக்கு வந்தாங்களா, வரலையா?" என்று கேட்டார் ஞானதுரை வாத்தியார்.

தலைமையாசிரியர் சேவுகமூர்த்தி வெகுநேரம் யோசித்தார். "ஆட்டுக்கு ஆஜர் போடுங்க. எல்லாப் பேரும் அதுகிட்டதான் இருக்கு."

ஆய்வாளர் வந்தார். கழிப்பறைக்குத் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. தரை என்று நினைத்துக் காலை வைத்தவர் கழுத்தளவுக்கு உள்ளே போனார்.

"ஐயையோ! தூக்குங்கய்யா!"

ஞானதுரை கயிற்றோடு ஓடிவந்தார். சேவுகமூர்த்தி தடுத்தார். "பொறுங்க. தமிழில் கேட்கிறார்."

"விதி பிள்ளைகளுக்குத்தானே, சார்?"

"இவரும் யாரோ பெத்த பிள்ளைதானே?"

ஞானதுரை கயிற்றைக் கீழே வைத்தார்.

"ஹெல்ப்! ஹெல்ப்! ஹெல்ப்!" என்று ஆய்வாளர் அலறினார்.

"மூணு சொல் ஆச்சே," என்றார் ஞானதுரை.

"ஒரே சொல்லை மூணு தடவை சொன்னா வாக்கியமா?" என்றார் பொற்கலை. பிறகு குழிக்குள் குனிந்து, "முயற்சி பண்ணுங்க சார், வரும்," என்று தைரியம் சொன்னார்.

"ப்ளீஸ் புல் மீ அவுட், யூ இடியட்ஸ்!"

கயிற்றை வீசினார்கள். பாதி தூரம் இழுத்ததும் பொற்கலைக்குச் சுற்றறிக்கையின் கடைசி வரி ஞாபகம் வந்தது. "அடடா, கைதட்டலையே!"

கயிற்றை விட்டுவிட்டு மூவரும் பலமாகக் கைதட்டினார்கள்.

ஒரு வாரத்தில் ஆய்வாளரின் ஆங்கிலக் கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க வந்ததே தவிர, மூவருக்கும் பொருள் விளங்கவில்லை.

"மூடிட்டாங்களா, சார்?" என்று பொற்கலை தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"மூடுறதுக்கு இவ்வளவு நல்ல தாளிலா அனுப்புவாங்க? ரெண்டு முத்திரை வேற. பாராட்டுக் கடிதம்மா இது!"

கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அதைச் சொல்ல வைத்தார்கள்.

கொட்டாங்குடிப்பட்டியில் இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட, இந்தப் பள்ளி உடனடியாக மூடப்படுகிறது என்பதை முழு வாக்கியமாக, தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொல்லும். சொன்னதும் எல்லாரும் கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போவார்கள்.