பச்சையைப் பிடுங்கியவர்

"முளைக்கும்போதே பிடுங்கிடுறேன்மா. மறுபடியும் வருது" என்றார் குஞ்சிதபாதம்.

செண்பகவல்லி அம்மா பாத்தியைப் பார்த்தார். "கீரையா, கோபமா?"

"ரெண்டும்தான்."

குஞ்சிதபாதம் அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தை விட வேண்டும் என்று இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தார். ஆசிரமத்தை நடத்தும் அம்மா அவரைவிட வயதில் இளையவர். முன்பு ஒரு கீரை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். தியானம் சொல்லித் தருவார் என்று வந்தவரிடம் ஒரு பிடி தண்டுக்கீரை விதையைக் கொடுத்து, பச்சை கலக்காத சிவப்புக் கீரை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மனிதர் விடுவாரா? விடிந்ததும் பஸ்ஸில் ஏறுகிற மிடுக்கோடு பாத்தியில் இறங்குவார். பச்சையாக ஒரு முளை தெரிந்தால் போதும், வேரோடு வெளியே. மிஞ்சிய சிவப்புச் செடிகளின் விதையையெல்லாம் ஒரே பானையில் கொட்டி மறுபடி விதைப்பார்.

மறுபடி பச்சை வரும்.

கோபத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். தலை தூக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்துவிடுவார். நாலு நாள் நன்றாக இருப்பார். ஐந்தாம் நாள் சமையல்காரர் கதி அதோகதி.

இப்போது அவருக்கு அவசரம் வந்திருந்தது. தையில் மகள் கோமதிக்குக் கல்யாணம். பிரிந்து போன மனைவியின் வீட்டார் நடத்துகிறார்கள். கோமதி போனில் கூப்பிட்டிருந்தாள்.

"கத்தாம இருக்க முடிஞ்சா வாங்கப்பா."

போக வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. அவ்வளவு பயமும்.

அம்மா அவருடைய உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டார். குஞ்சிதபாதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்லூரி நாளில் கோமதி பஸ் பாஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தாளாம். சொந்த மகள் என்று பார்க்காமல் வழியிலேயே இறக்கிவிட்டாராம். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு களை வந்தது. கோபம் தன்னுடைய குறை, கடமை வேறு என்றும் விளக்கினார்.

அம்மா பாத்தியைக் காட்டினார்.

"கதிர் வரும்போது ஒவ்வொண்ணுக்கும் துணிப்பை கட்டுங்க. பக்கத்துச் செடி மகரந்தம் படக் கூடாது. விதையைச் செடிவாரியா தனித்தனி வரிசையில போடுங்க. பச்சை வந்தா பிடுங்காதீங்க."

"பிடுங்காம?"

"அது யார் பிள்ளைன்னு தெரிய வேண்டாமா?"

பாத்தியில் அவருக்குப் பிடித்த செடி ஒன்று உண்டு. இடுப்புயரம். இலை, தண்டு, கதிர் எல்லாம் ரத்தச் சிவப்பு. வந்துபோகிறவர்கள் அதன் அருகில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மட்டும் ஒரு குச்சி நட்டுக் கட்டியிருந்தார். ஓரத்தில் குட்டையாக, மங்கிய சிவப்பில் ஒன்று நின்றது. அதை அவர் சட்டை செய்யவே இல்லை. போனால் போகட்டும் என்று அதன் விதையையும் எடுத்து வைத்தார்.

கார்த்திகை ஈரத்தில் வரிசைகள் முளைத்தன.

குட்டைச் செடியின் வரிசை முழுக்கச் சிவப்பு. அவர் குச்சி கட்டி வளர்த்த செடியின் வரிசையில்தான் அங்கங்கே பச்சை.

குஞ்சிதபாதம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு சிவப்பான செடிக்கு எப்படிம்மா?"

"சிவப்பு மேல நிக்கும். பச்சை உள்ள இருக்கும். செடியைப் பார்த்தாத் தெரியாது, பிள்ளைங்கதான் காட்டிக் கொடுக்கும்."

சொல்லிவிட்டு அம்மா குனிந்து அந்த வரிசையைப் பிடுங்கத் தொடங்கினார். பச்சையை மட்டும் அல்ல, கூடவே சிவப்பையும்.

"கையை எடுங்க!"

மலையில் மோதித் திரும்பி வந்தது குரல். சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்.

"அது என் செடி. அதுல ஒரு குறை சொல்ல முடியுமா உங்களால? பச்சையை மட்டும் பிடுங்கினாப் போதும். சிவப்பை ஏன் தொடுறீங்க?"

அம்மா நிமிர்ந்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஐயா, இப்ப ஒண்ணு முளைச்சுதே. அது எந்தச் செடியோட பிள்ளை?"

குஞ்சிதபாதத்துக்கு, மகளை வழியில் இறக்கிவிட்ட கடமைக் கதை நினைவுக்கு வந்தது.

அந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பஸ் புறப்பட்டதோடு கதை முடிந்துவிடும். இன்றைக்குத்தான் பஸ்ஸின் பின்கண்ணாடி தெரிந்தது. அதற்கு வெளியே, வெயிலில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. வரிசையின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்து அவரும் பிடுங்கத் தொடங்கினார். பச்சை, சிவப்பு, எல்லாவற்றையும். நடுவில் இருவரும் சந்தித்தபோது வரிசை முடிந்திருந்தது. சமையல்காரர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மத்தியானக் கூட்டுக்கு ஆயிற்று என்று உள்ளே போனார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் குஞ்சிதபாதம் மகளுக்குப் போன் செய்தார். இனிமேல் கத்தமாட்டேன் என்று அவளிடம் எத்தனையோ முறை சத்தியம் செய்திருக்கிறார். இந்த முறை செய்யவில்லை.

"கோமதி, அன்னைக்கு அந்த ஸ்டாப்புல எவ்வளவு நேரம்மா நின்னே?"



"தையில வாங்கப்பா" என்றாள் கோமதி. "நேர்ல சொல்றேன்."