சூட்டில் உறைந்த பாயசம்

பஞ்சை ரசாயனக் காரக் கரைசலில் ஊறவைத்து, பலகாரத்தில் சேர்க்கும் பசைமாவாக்கி விற்கிற கம்பெனி அது. முதலாளி தாண்டவமூர்த்திக்கு ஜம்பம் அதிகம். கேன்டீன் பேச்சியம்மாள் வைத்த பாயசத்தை ஒருநாள் தள்ளிவிட்டார்.

"சூடா இருந்தா ஓடுது, ஆறினா கட்டியாகுது! நாளைக்குச் சூட்டில் கட்டியா நிக்கணும், ஆறினதும் ஓடணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!"

"ஆகட்டும் முதலாளி."

மறுநாள் மாவு வாங்க வந்த வியாபாரிகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஆவி பறக்கும் கிண்ணத்தைப் பேச்சியம்மாள் தட்டில் கவிழ்த்தாள். பாயசம் இட்லி மாதிரி நின்றது. ஆற ஆற இளகி ஓடியது.

முதலாளி வாயைப் பிளந்தார். "என்னத்தைப் போட்டே இதுல?"

"நம்ம மாவுதான் முதலாளி. மாவுக்கை பட்ட டம்ளரை வெந்நீர்ல கழுவினா பசை இறுகும், பச்சைத்தண்ணியிலதான் கரையும். விக்கிற உங்களுக்குத் தெரியாததா?"

வியாபாரிகள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.