பலகைக்கு ஒரு ‘ம்’

சௌந்தரபாண்டியனின் ரயில் அன்றைக்கும் மலைச்சரிவில் பிரேக்கை மதிக்காமல் ஓடியது. நல்லவேளை, ரயில் கணினிக்குள் இருந்தது.

பிரேக் மட்டும் நிஜம். மேஜைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் காற்றழுத்தத்தை ஒரு சின்ன மின்பலகை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். புது அளவு கிடைத்ததும் கணினியைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பேர். கூப்பிட்டதும் கணினி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அளவை வாங்கி, ‘வாங்கிட்டேன்’ என்று பலகைக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் பலகை மறுபடி கூப்பிடும். கூப்பாடுகள் தவறிப்போனால், பிரேக் போட்டது திரையில் இருக்கும் ரயிலுக்குத் தெரியவே தெரியாது.

பாண்டியன் பிரேக் பட்டறையில் தலை நரைத்தவர். இந்த ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் செசிலி. வயதில் பாண்டியனைவிட எவ்வளவோ இளையவர். அளந்து பேசுவார் என்பதால் கூடத்தில் அவருக்கு ‘குரு’ என்று பட்டப்பெயர். அதை அவர் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் ஒருவருக்கும் கிடையாது.

மேலிடத்தில் பொறுமை இழந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கணினி ரயில் சரிவை ஒழுங்காக இறங்காவிட்டால், இந்தப் பிரேக்கை நிஜ ரயிலில் மாட்டி நிஜ மலையிலேயே சோதித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அந்த ரயிலை ஓட்டப்போகிறவர் பாண்டியனுடைய அக்கா புருஷன். அக்கா காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தாள். பாண்டியன் எடுக்கவில்லை. கையில் பதில் இல்லாமல் போனை எடுத்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி.

செசிலி வந்ததும் பாண்டியன், அக்கா போன் அடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் புலம்பித் தீர்த்துவிட்டார். பலகையை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று, மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்னால் இந்தக் கூப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும் என்று கணினிக்குக் கட்டளையும் போட்டாயிற்று. சமதரையில் சமர்த்தாக ஓடுகிற ரயில், சரிவின் வளைவுகளில் கணக்கு அதிகமானதும் கெட்டுப்போகிறது.

“கூப்பாடு எங்கயோ தொலையுது மேடம். எங்கன்னுதான் தெரியல.”

செசிலி அவர் எழுதிய நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“வாங்கிட்டேன்னு பலகைக்கு எப்ப சொல்றீங்க?”

“கடைசியில. வேகத்தைக் கணக்குப் போட்டு, திரையில வரைஞ்சு, பதிஞ்சு வச்சு, எல்லாம் முடிஞ்சப்புறம். வேலை முடியாம கையெழுத்துப் போடுற பழக்கம் எனக்குக் கிடையாது மேடம்.”

பாண்டியன் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பெருமைப்படவும் நியாயம் இருந்தது. பட்டறையில் ‘முடிந்தது’ என்று அவர் கையெழுத்துப் போட்ட ரயில் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

செசிலி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு கதை சொல்றேன். ம் கொட்டுங்க.”

வீடு பற்றி எரியும்போது கதையா என்று பாண்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரு ஆயிற்றே, உட்கார்ந்தார்.

“ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவர்கிட்ட ரெண்டு யானை.”

ராஜா என்றால் கணினியா, பலகையா? அப்படியானால் யானை எது? அதுவும் ஏன் இரண்டு? பாண்டியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். செசிலி அதே வரியை மறுபடி சொன்னார். பாண்டியன் தலையை நிமிர்த்தவில்லை. செசிலி அதே வரியை இன்னொரு தரமும் சொல்லிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம்,” என்றார் பாண்டியன் ஒருவழியாக.

“மிச்சமிருந்த யானை அழுதுக்கிட்டே இருந்துச்சு.”

“மிச்சமிருந்த யானையா? இன்னொண்ணு எங்க மேடம்?”

“அது காட்டுக்கு ஓடிப்போச்சு.”

“எப்ப ஓடுச்சு? நீங்க சொல்லவே இல்லையே.”

“எங்க சொல்ல விட்டீங்க? முதல் வரிக்கே நீங்க ம் கொட்டல. நான் அங்கயே நின்னுட்டேன். யானை நிக்குமா?”

பாண்டியனுக்குக் கோபம் வந்தது. அர்த்தம் புரியாமல் எப்படி ம் கொட்டுவது, அது பொய் இல்லையா என்று கேட்டார்.

“ம்முன்னா புரிஞ்சிருச்சுன்னு யார் சொன்னா? காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான் சார்.”

பாண்டியன் செசிலியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நிரலின் கடைசியில் கிடந்த ‘வாங்கிட்டேன்’ வரியைத் தூக்கி மேலே கொண்டுபோனார். இனிமேல் பலகை கூப்பிட்டதும் அளவை வாங்கி வரிசையில் வைக்க வேண்டியது, ‘வாங்கிட்டேன்’ என்று சொல்லிவிட வேண்டியது. கணக்கும் படமும் பதிவும் அதற்கப்புறம், வரிசைப்படி. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை செய்வதுபோல் அவருக்குக் கை கூசத்தான் செய்தது.

ரயிலைச் சரிவில் விட்டார்.

வழக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற அந்த வளைவு வந்தது. பக்கத்துச் சட்டத்தில் பிரேக் ‘புஸ்’ஸென்று இறுகியது. திரையில் வேகம் இறங்கியது. அடுத்த வளைவிலும் இறங்கியது. அடிவாரத்து ஸ்டேஷனுக்குள் ரயில், உழுதுவிட்டு வீடு திரும்பிய மாடு மாதிரி நிதானமாக வந்து நின்றது.

மச்சான் மலைக்குப் போக வேண்டியதில்லை. பாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வயிற்றில் பாலை வார்த்தீர்கள் மேடம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். செசிலி சிரித்துவிட்டு வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

போன் அடித்தது. அக்கா.

பாண்டியன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இன்னும் நாலஞ்சு தரம் ஓட்டிப் பார்த்திடுறேன் மேடம். மேலிடத்துலயும் சரின்னுட்டாங்கன்னா, அப்புறமா முழுசா ஒரு நல்ல சேதியா அவகிட்ட சொல்லிடலாம்.”

போன் நின்று, மறுபடி அடித்தது.

சுருட்டிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு செசிலி சொன்னார்:

“உங்க அக்கா காலையிலேருந்து முதல் வரியிலேயே நிக்கிறாங்க சார்.”