விடியலில் வாய் திறந்த மீன்கள்

“ஏனுங்கம்மா, கொளம் நாறுதுங்க. இன்னைக்கும் கெண்டை செத்து மெதக்குது. எல்லாம் அந்த வீராத்தாளோட ஆடுக பண்ற வேலை” என்றார் சென்னியப்பன்.

பாவாயம்மை முறத்தில் அவரை விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவர்தான் குரு. சீடரான சென்னியப்பனுக்கு அவர் மகள் வயது. சென்னியப்பன் ஜவுளிக்கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டுக் காவி கட்டியவர். கடையைத்தான் விட்டாரே தவிர, கூட்டம் சேர்க்கிற வாயை விடவில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே மடத்துக் குளத்தில் ஓர் அதிசயம் கண்டுபிடித்துவிட்டார். விடியும் நேரத்தில் ஒன்றிரண்டு மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

“நாமம் சொல்லுதுங்க” என்று ஊருக்குச் சொன்னார்.

ஊர் நம்பியது. தினமும் விடியலில் அவர் மணியடிப்பார். ஜனங்கள் கூடை கூடையாகப் பொரி போடுவார்கள். போடப் போட, மேலே வரும் மீன்களும் பெருகின. ‘மீன்சாமி’ என்று அவருக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஊர்க்கூட்டத்தில் பேசி, வீராத்தாளின் ஆடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் பக்கத்தில் வேலமுள் வெட்டிப் போட வைத்தார். கோடைக்காலம். அந்த ஆடுகளுக்குப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

“முள்ளு போட்டப்புறமும் மீன் சாகுதுங்களாண்ணா?” என்று கேட்டார் குரு.

“யாரும் பாக்காத நேரத்துல ஓட்டிக்கிட்டு வர்றாளாட்ட இருக்குதுங்க. ஆடுகளையே வித்துப்போடச் சொல்லோணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஊரு கேக்கும்.”

“சொல்லலாம். அதுக்கு முன்னால ஒண்ணு. மீன் தின்னது போக, மிச்சப் பொரி எங்க போகுது?”

“அடியில போயிருமுங்க.”

“அடியில போயி?”

“அழுகுமுங்க. அப்புறம் தண்ணி பச்சையாகும், பாசி கட்டும். கொளம்னா அப்படித்தானுங்களே?”

“அழுகறதும் தண்ணியில இருக்கற மூச்சைத்தான் திங்குது. பாசிக்கும் ராத்திரியில மூச்சு வேணும். எல்லாம் ஒரே தண்ணிக்குள்ள இருந்துதானே எடுக்கோணும்?”

சென்னியப்பன் சிரித்துவிட்டார். “பாசி எங்கீங்கம்மா மூச்சு விடுது? நீங்க வெளையாடறீங்க.”

குரு மறுபடி விதை பொறுக்கத் தொடங்கினார்.

“நாளைக்கு விடியக்காலம் நேரா இங்க வாங்க. வீராத்தா சமாச்சாரத்தைப் பேசிக்கலாம்.”

போகும்போது சென்னியப்பன் வழக்கம்போல ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகை மாலை, ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் குருவின் முன்னால் வைத்துக் கும்பிட்டார். தினமும் வைப்பார். ஒற்றை ஆள் அவ்வளவையும் என்ன செய்வார் என்று அவர் யோசித்ததே இல்லை.

மறுநாள் வந்தவரை, குரு மடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்.

“உள்ள உக்காந்து நாமம் சொல்லிக்கிட்டு இருங்கண்ணா.”

கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

முதல் அடியிலேயே கால் எதிலோ வழுக்கியது. இருட்டு பழகியபின் பார்த்தார். வாழைப்பழங்கள் கறுத்து ஒழுகிக் கிடந்தன. சட்டி சட்டியாகப் பொங்கல் புளித்து நுரைத்திருந்தது. மல்லிகை மாலைகள் சுவரோரம் குவிந்து, சூடேறி, அழுகிக்கொண்டிருந்தன.

எல்லாம் அவரே கொடுத்தவை.

நாமம் சொல்ல வாயைத் திறந்தார். குமட்டியது. நெஞ்சை அடைத்தது. கதவைத் தட்டினார், திறக்கவில்லை. சுவரில் கையகலத்துக்கு ஒரு சன்னல் இருந்தது. ஓடிப்போய் அதில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடினார்.

வெளியே குரு நின்றுகொண்டிருந்தார். சன்னலில் அவர் வாயைப் பார்த்ததும் கைகூப்பினார்.

“ஆகா, என்ன பக்தி!”

“அம்மா... கதவு...”

“பசிக்குதாட்ட இருக்குது, பாவம்” என்ற குரு, மடியிலிருந்து கை நிறையப் பொரி எடுத்து, திறந்த வாய்க்குள் போட்டார்.

சென்னியப்பன் சன்னலிலிருந்து முகத்தை இழுத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. வெளியே வந்தவருக்கு வாயிலிருந்த பொரியை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குருவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

“கொளத்துல ஜனங்க காத்திருக்குது, போங்கண்ணா” என்றார் குரு.

சென்னியப்பன் குளத்துக்கு நடந்தார்.

படித்துறை நிறையக் கூட்டம். எல்லார் கையிலும் பொரி. தண்ணீர்ப் பரப்பெங்கும் வாய்கள் திறந்து திறந்து மூடின.

“மீன்சாமி, மணியடிங்க. இன்னைக்கு நாமம் பலமா இருக்குது பாருங்க” என்றார் ஒருவர்.

“அது நாமமில்லீங்க.”

“பின்னென்னங்க?”

“மூச்சு முட்டுதுங்க அதுகளுக்கு. நாம போட்டது அழுகி...” அவர் எல்லார் கையிலிருந்த பொரியையும் பார்த்தார். “நாம இல்லீங்க. நாந்தான்.”

பொரியோடு ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எதிர்க்கரையில், முள்ளுக்கு அந்தப் பக்கம், வீராத்தாள் தன் ஆடுகளோடு நின்றிருந்தாள். சென்னியப்பன் கரையைச் சுற்றிப் போனார். குனிந்து, வெறும் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டார். வழி திறந்தது. ஆடுகள் தண்ணீர் வரைக்கும் ஓடி, மோந்து பார்த்து, பின்வாங்கின.

வீராத்தாளுக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“சாமி, எம்பட ஆடு இந்தத் தண்ணியைக் குடிக்கலாமுங்களா?”

சென்னியப்பன் பச்சைத் தண்ணீரைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.