கேட்காமல் எடுத்த இரும்பு

முதலில் வம்புக்கு இழுத்தவன் செங்கோடன். நான் இல்லை.

பனிமலை மடத்துக்கு வந்து சேர்ந்த அன்று, மூச்சு முட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரன் செங்கோடன் கரண்டியோடு வெளியே வந்தான்.

"ஏ பெருசு, இங்க காத்தே கால் வயித்துக்குத்தான். உனக்கெல்லாம் கீழ பேரன் வீடுதான் தோது."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியே சிரித்தது. நான் மறக்கவில்லை.

வந்த புதிதில் ஒரு டாக்டர் எனக்கு இரத்தம் பார்த்தார். கோடை முடிகிற சமயம் மறுபடி வந்து பார்த்தார்.

"ஐயா, உங்க உடம்பு சேர்த்து வச்சிருந்த இரும்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா இரத்தம் நல்லா ஊறியிருக்கு."

குறைந்ததா, ஊறியதா? ஒன்றும் விளங்கவில்லை. குறைந்தது மட்டும் மனதில் தங்கியது. மற்றவர்களுக்குக் கீரையும் எனக்குக் கீரைத் தண்ணீரும் ஊற்றுகிறவன் யார்?

நேரே குருவிடம் போனேன். குரு நீலாம்பிகை அம்மா, என் மகள் வயது.

"தாயே, ஒண்ணு அந்தச் செங்கோடன் இறங்கணும், இல்லேன்னா நான் இறங்குறேன். பனி விழுந்து பாதை மூடுறதுக்குள்ள சொல்லிடுங்க."

"என்ன செஞ்சான்?"

"என் இரும்பைத் திருடிட்டான்."

அம்மா சிரிக்கவில்லை.

"இப்ப மூச்சு வாங்குதா?"

"இல்ல. ரெண்டு குடம் தண்ணியோட ஏறுறேன்."

"அந்த இரும்புதான் குடம் தூக்குது."

"விளங்கல தாயே."

"குடல் இரும்பை உள்ள விடுறப்போ, கல்லீரல் 'போதும்'னு சொல்லி அனுப்பும். இங்க காத்து குறைவு. அதனால அந்தச் சொல்லை அனுப்புறதக் குறைச்சிடுச்சு. குடல் சோத்துலேருந்து கூடுதலா எடுக்குது. உள்ள பூட்டி வச்சிருந்த இரும்பும் வெளிய வருது. எல்லாம் இரத்தமாகுது."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

பேச்சை மாற்றினேன்.

"இரும்பு போகட்டும். பந்தியில என் மானம் போச்சே? அவன் மன்னிப்புக் கேக்காம இங்க ஒரு பருக்கை தொடமாட்டேன்."

அம்மா செங்கோடனை அழைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"பெரியவரே, மூக்கைப் பிடிச்சுக்குங்க. இவன் மன்னிப்புக் கேக்குறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

பிடித்தேன். அவனை முறைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது.

"அம்மா, அடுப்புல பால் இருக்கு" என்றான்.

எனக்குக் காது இரைந்தது. கண் இருட்டியது.

வாய் திறந்துகொண்டது.

"கேட்டுட்டானா?" என்றார் அம்மா.

"இல்ல" என்றேன், காற்றை அள்ளிக்கொண்டே.

"அப்புறம் வாய் யாரைக் கேட்டுத் திறந்துச்சு?"

செங்கோடன் பாலைப் பார்க்க ஓடினான்.

அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.