புலி ஒரு போனில், ஆடு ஒரு போனில்

கும்மாளப்பட்டிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். உண்மை அதைவிட மோசம்.

அந்த ஊர்க் கோதண்டத்தின் ஆறு வயது மகள் குயிலி, கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "எனக்குன்னே ஒரு கேம் செஞ்சு தந்தாதான் கஞ்சி குடிப்பேன்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை. பெற்ற மனம் கேட்குமா? கோதண்டம் கூட்டாளி பிச்சுமணியையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தெய்வநாயகத்திடம் ஓடினான்.

மூவரும் போனில், கேம் செய்யக் கற்றுத்தரும் ஒரு வாத்தியாரின் பாடத்தைப் பார்த்தார்கள். வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் விளையாட்டு தயார் என்றார் அவர்.

"போனுக்கு எதுவுமே தெரியாது. பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்" என்றும் சொன்னார். பிச்சுமணி போனை மடியில் வைத்து, "இது ஆடு. இது புலி. எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று தொண்டை வற்றும்வரை சொல்லிக் கொடுத்தான். போன் வாயே திறக்கவில்லை.

"தவறு வந்தால் பதறாதீர்கள், எழுந்து நடங்கள்" என்றார் வாத்தியார். தவறு வந்தது. மூவரும் எழுந்து நடந்தார்கள். எங்கே நிற்பதென்று அவர் சொல்லவில்லை. பாவம், பக்கத்து ஊர்வரை போய் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள்.

எப்படியோ விளையாட்டு உருவாகிவிட்டது. ஆடு ஓடும், புலி துரத்தும், புலி தொட்டால் ஆடு மறையும். தொட்டது. மறைந்தது.

தெய்வநாயகம் நிஜத்திலும் ஆடு வளர்ப்பவன். கண் கலங்கிவிட்டான். "எங்கடா போச்சு ஆடு?" போனைக் கவிழ்த்து உதறினார்கள். உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு புழுக்கைகூட விழவில்லை. விளையாட்டை மறுபடி தொடங்கியதும்தான் ஆடு திரும்பி வந்தது.

"புலியையும் ஆட்டையும் ஒரே போன்ல விட்டா இப்படித்தான்" என்றான் பிச்சுமணி. "புலி கோதண்டம் போன்ல இருக்கட்டும். ஆடு உன் போன்ல."

"என் ஆடு பட்டினி கிடக்கணுமா?"

"என் போன்ல புல்லுக்கட்டு வச்சிடறேன்டா."

இப்படி ஒரு யோசனை அந்தத் தலைக்குள் இத்தனை காலம் எப்படி அடைந்து கிடந்ததோ!

இனி தெருவைக் கடந்து குயிலியிடம் போக வேண்டும். மூன்று போனையும் ஒரே பையில் போட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். அதனால் முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு புலியைக் கொண்டுபோய், ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு புல். கடைசியில் மறுபடி ஆடு. ஆளுக்கு ஒரு போனாக எடுத்துப் போகலாமே என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

குயிலி மூன்றையும் பார்த்தாள். புலி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"புலி ஏன்பா எதையும் பிடிக்கல?"

"பிடிக்காதும்மா. நல்ல புலி."

"அதுக்குப் பசிக்குமே!" அவள் உதடு பிதுங்கியது. "அது சாப்பிடாம நானும் சாப்பிட மாட்டேன்."

ஆட்டைக் கொடுத்தால் தெய்வநாயகம் தாங்க மாட்டான். கொடுக்காவிட்டால் பிள்ளை தாங்க மாட்டாள். மூவரும் மூலையில் கூடிப் பேசினார்கள்.

"புலி கஞ்சி குடிக்குமாடா?"

"குடுத்துப் பார்த்தாத்தானே தெரியும்."

கோதண்டம் தன் போனைத் தட்டில் வைத்து ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினான். புலி இன்னும் சுற்றியது. இன்னொரு கரண்டி ஊற்றினான். திரை மினுக்கியது, பிறகு இருண்டது.

"வயிறு ரொம்பிடுச்சு. தூங்கிடுச்சு" என்றான் பிச்சுமணி.

குயிலி கைகொட்டிச் சிரித்தாள். பானையில் மிச்சமிருந்த கஞ்சியை வாங்கி மடமடவென்று குடித்து முடித்தாள். கோதண்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி செண்பகம் சந்தையிலிருந்து வந்தாள். "எத்தனை வாட்டி கூப்பிடறது? போனை ஏங்க எடுக்கல?" என்று வாசலிலேயே கத்தினாள்.

மூவரும் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தார்கள்.

"மெதுவா பேசுடி" என்றான் கோதண்டம். "அது முழிச்சுக்கிச்சுன்னா பானையில கஞ்சி இல்ல. தெய்வநாயகத்தோட ஆடுதான் இருக்கு."