ஆறு வாரத்தில் வருகிறவள்

கோத்தகிரியில் தவமணியம்மாவின் வீட்டைச் சுற்றிலும் ரோஜாப் புதர்கள். ஒரு முறை பூத்து ஓய்கிற ஜாதி அல்ல. வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூப்பவை.

அவரிடம் சீடராக வந்த சங்கரநயினாருக்குக் குருவைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். மனைவி ஆவுடை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

வந்த அன்றே கேட்டார்.

“செத்தவர்கள் திரும்பி வருவார்களா, அம்மா?”

தவமணியம்மா ஒரு கத்தரிக்கோலை நீட்டினார். “வாடிய பூவைச் செடியில் விடாதீர்கள், ஐயா. தினமும் நறுக்குங்கள்.”

நறுக்கினார். அவருடைய ஜன்னலுக்கு எதிர்ப் புதரில், வெட்டிய இடத்துக்குக் கீழே தளிர் விட்டு, ஆறு வாரத்தில் ஒரு பூ வந்தது. வெளி இதழின் ஓரத்தில் சின்னக் கிழிசல். புழு கடித்திருக்கும் என்று நினைத்தார். வாடியதும் நறுக்கினார்.

அடுத்த ஆறு வாரத்தில் வந்த பூவிலும் அதே இதழ், அதே கிழிசல்.

கனத்த கம்மல் போட்டு ஆவுடையின் இடது காது அப்படித்தான் கிழிந்திருந்தது.

மூன்றாம் முறை வந்த பூ வெயிலுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து விரிந்திருந்தது.

“ஆவுடை” என்றார்.

காற்றே இல்லை. மற்ற பூக்கள் அப்படியே நின்றன. அது மட்டும் அசைந்தது.

அதன்பின் ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை. சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. பூ வாடியபோது நறுக்கக் கை வரவில்லை. இதழ்கள் உதிர்ந்தன. காம்பின் நுனியில் பச்சையாக ஒரு காய் திரண்டது.

ஆறு வாரம் போயிற்று. எட்டு வாரம் போயிற்று. அந்தப் புதரில் ஒரு மொட்டுகூட இல்லை.

ஒரு பகலில் மூடுபனி இறங்கியிருந்தது. சங்கரநயினார் கத்தரிக்கோலோடு போய்க் காயைப் பிடித்தார். அந்தக் குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

பின்னால் தவமணியம்மா நின்றிருந்தார்.

“இதை நறுக்கினால் வருவாளா, அம்மா?”

“வருவாள். ஆறு வாரத்தில்.”

“மறுபடியும் நறுக்கினால்?”

“மறுபடியும் வருவாள். நீங்கள் நறுக்குகிற வரைக்கும் வந்துகொண்டே இருப்பாள்.”

“நறுக்காவிட்டால்?”

“காய் பழுக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவளுக்கு இங்கே வேலை இல்லை.”

சங்கரநயினார் கத்தரிக்கோலைத் தவமணியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.